சூரியத் தகட்டின் சுற்றுச்சூழல் கணக்கு

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடு, வெயிலில் உழைக்கும் காலம் முழுவதும் புகையோ சாம்பலோ வெளியிடுவதில்லை. ஆயினும் அதனால் சுற்றுச்சூழலுக்கு நேரும் பாதிப்பை அறிய, அது உருவாகும் ஆலையையும் நிற்கும் நிலத்தையும் இறுதியில் கழிக்கப்படும் இடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இவ்வாறு ஒரு பொருளின் பாதிப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை அளப்பது வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு எனப்படும்.

பெரும்பாலான தகடுகளின் அடிப்படைப் பொருள் சிலிக்கான் ஆகும். குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல்லைக் கரியுடன் சேர்த்து மின் உலையில் ஏறத்தாழ 2,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் பிரித்தெடுத்து, பின்னர் வேதிமுறையில் தூய்மைப்படுத்த மிகுதியான மின்சாரம் தேவைப்படுகிறது. தகடு உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கும் சீனாவில் அம்மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே கிடைப்பதால், ஒவ்வொரு தகடும் ஓர் ஆற்றல் கடனுடன்தான் வெளிவருகிறது. வெயில் மிகுந்த நாடுகளில் அக்கடனை ஓரிரு ஆண்டுகளில் ஈடுசெய்துவிடும் தகடு, அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைக்கிறது. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்குக் கரியமில வாயுக் கணக்கில் 820 கிராமும், சூரிய மின்சாரத்துக்கு 50 கிராமுக்கும் குறைவாகவும் இடைநிலை அளவாகக் குறிக்கப்பட்டுள்ளன.

நிலத்தின் கணக்கு வேறு. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. இத்தகைய பரப்பு வேலிக்குள் அடங்கும்போது மேய்ச்சலும் மழைநீர் வழிந்தோடும் தடங்களும் மாறக்கூடும். தூசியைக் கழுவ நீரைப் பயன்படுத்தினால் வறண்ட பகுதிகளில் அது மற்றொரு சுமையாகும். கட்டடக் கூரையில் அமைக்கும் தகடு புதிய நிலம் எதையும் கேட்பதில்லை.

ஆயுள் முடிந்த தகட்டின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கண்ணாடி. எஞ்சியதில் அலுமினியம், செம்பு, சிறிதளவு வெள்ளி ஆகியவற்றோடு, பற்றவைப்பில் பயன்படும் ஈயமும் இருப்பதால், உடைத்துக் குப்பைமேட்டில் கொட்டினால் அந்த நச்சு மண்ணில் கசியக்கூடும். பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை, 2050க்குள் உலகில் 7.8 கோடி டன் வரை தகட்டுக் கழிவு சேரக்கூடும் என 2016இல் கணித்தது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், சூரியத் தகடுகளையும் உள்ளடக்கி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

நிலக்கரியின் புகை காற்றில் கலந்துவிட்டபின் அதைத் திரட்டுவது மிகக் கடினம். தகட்டின் கழிவோ கையால் எடுத்து அடுக்கக்கூடிய திடப்பொருள். அதைத் திரும்பப் பெற்றுப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு, தகடுகள் நிறுவப்படும் வேகத்திலேயே வளர்ந்தால்தான் சூரிய மின்சாரம் தூய்மையானது என்ற பெயர் முழுமையாகப் பொருந்தும்.