முண்ணாண் கட்டி: முதுகுவலி என்று விட்டுவிடலாமா?

"தம்பி, படுத்தாத்தான் முதுகு நோகுது. எழும்பி இருந்தாக் கொறையுது" என்று ராத்தா சொன்னபோது, வாயுதான் என்று நாங்களே முடிவு செய்தோம். எண்ணெய் பூசி உருவியதில் ஆறு மாதம் போனது. ஒருநாள் தெருவில் அவவின் செருப்பு கழன்று கிடந்தது. கழன்றது அவவுக்குத் தெரியவேயில்லை. பிறகு சுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் போனது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் முண்ணாணை ஒரு கட்டி அமுக்குவது தெரிந்தது.

தமிழ் படிப்பிக்கிற எனக்கு முண்ணாண் அதுவரை விஞ்ஞானப் புத்தகத்துச் சொல் மட்டுமே. மூளையிலிருந்து முள்ளந்தண்டுக்குள் இறங்கும் இந்த நரம்பு வடம் சுமார் 45 சென்ரிமீற்றர் நீளம், தடிப்பு சின்னவிரலளவு. காலை அசை என்ற கட்டளை இதன் வழியே இறங்குகிறது. சூடு, நோவு, தொடுகை இதன் வழியே ஏறுகின்றன. சுற்றியுள்ள எலும்பு விரிந்து கொடுக்காது. ஆகவே கட்டி வளர வளர முண்ணாண்தான் நெரிபடும். நெரிபடும் இடம் கழுத்து என்றால் கையும் காலும் பாதிக்கப்படலாம். நெஞ்சுப் பகுதி என்றால் கால்களும், சலம் மலம் கழிப்பதும்.

கட்டிகள் மூன்று விதம். சில முண்ணாணுக்குள்ளேயே தோன்றும். சில அதன் உறையிலோ நரம்பு வேரிலோ தோன்றும். இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. மார்பகம், நுரையீரல் போன்ற இடத்துப் புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவி, வெளியிலிருந்து அமுக்குவது மூன்றாவது. ராத்தாவுக்கு வந்தது உறையில் மெதுவாக வளரும் மெனிஞ்சியோமா.

சத்திரசிகிச்சையில் கட்டி முழுதாக நீங்கியது. ஆனால் நெரிபட்ட நரம்பு எவ்வளவு மீளும் என்பது, அதற்கு முன் எவ்வளவு பலம் மிஞ்சியிருந்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது. இயன்மருத்துவப் பயிற்சிக்குப் பிறகும் ராத்தாவின் வலக்கால் இழுபடுகிறது. கதிரையில் இருந்துதான் தொழுகிறா.

வைத்தியர் கேட்ட பிறகே, சலம் அடைபடுவதையும் இரண்டு மாதமாக வெட்கத்தில் மறைத்திருக்கிறா என்று தெரியவந்தது. மறைத்தது அவ, கேட்காதது நாங்கள்.

முதுகுவலியெல்லாம் கட்டியல்ல; பெரும்பாலும் தசைப்பிடிப்புத்தான். ஆனால் இரவில் கூடும் வலியோடு கால் தளர்ந்தால், விறைத்தால், எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் வைத்தியரிடம் போங்கள். சலம் அடைபட்டாலோ தெரியாமல் போனாலோ அன்றே போங்கள். வீட்டுப் பெண்களிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.