உங்களுக்குத் தெரியுமா? நாகூர் மணலில் பூக்கும் புற்றுநோய் மருந்து

நாகூர் கடற்கரைப் பக்கம் மணல் வீட்டு வாசல்களில் தண்ணீர் கேட்காமல் பூத்துக்கிடக்கும் நித்யகல்யாணியைப் பார்த்திருப்பீர்கள். சுடுகாட்டு மல்லி என்று சிலர் ஒதுக்கும் அதே செடிதான். இதன் தாயகம் மடகாஸ்கர். இந்தப் பேரினத்தின் மற்ற இனங்களும் அந்தத் தீவுக்கே உரியவை; ஒன்றே ஒன்று மட்டும் இந்தியா, இலங்கை மண்ணின் சொந்தப் பூண்டு!

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலைக் கஷாயத்தைக் குடித்தார்கள். அதைச் சோதிக்க, கனடாவில் ஆய்வாளர் ராபர்ட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்குச் செலுத்தினார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அங்கிருந்துதான் 1958இல் அவரும் சக ஆய்வாளர் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு வந்தது வின்கிரிஸ்டின். செல் இரண்டாகப் பிரிய உதவும் நுண்குழல்களை இது கட்டவிடாது. புற்றுச்செல் பெருக முடியாமல் மடியும். இரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு இன்றும் இதுவே முதன்மை மருந்துகளில் ஒன்று. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க டன் கணக்கில் காய்ந்த இலை வேண்டும்.

வின்கிரிஸ்டினை நானோ அளவுள்ள கொழுப்பு உறைக்குள் அடைத்த வடிவத்துக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி அளித்திருந்தது; அந்த அனுமதி 2022இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஒரு வேண்டுகோள்: செடி நஞ்சுள்ளது. கைவைத்தியமாக இலையை மென்றுவிடாதீர்கள்.