தாடிக்கொம்பு ரோடு யாருக்குச் சொந்தம்?

திண்டுக்கல்ல இருந்து வடக்கே கரூர் பக்கம் கிளம்பினா சுமார் 10 கிலோமீட்டர்ல தாடிக்கொம்பு வரும். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பார்க்கப் போயிருப்பீங்க, இல்லன்னா நைட் பஸ்ல தூங்கிக்கிட்டே அந்தப் பக்கம் கடந்திருப்பீங்க. இன்னிக்கு கோயிலை விட்டுடுவோம், ரோட்டைப் பத்திப் பேசுவோம்.

இது புதுசா யோசிச்சுப் போட்ட வழி இல்ல. குடகனாறு பழனி மலை அடிவாரத்துல இருந்து வடக்கே அமராவதியைத் தேடிப் போகுது. ரோடும் ஏறக்குறைய அதே திசைதான். மைசூர் படைக்கும் திண்டுக்கல் முக்கியமான இடம். ஹைதர் அலி 1755-ல இங்க ஃபௌஜ்தாரா வந்தார். 1792-ல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைக்கு அப்புறம் ஊர் கம்பெனி கைக்குப் போச்சு.

இப்போ நம்பருக்கு வருவோம். நம்ம அப்பா, சித்தப்பா எல்லாம் இதை இன்னும் "என்எச் ஏழு"ன்னுதான் சொல்லுவாங்க. வாரணாசில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் 2,369 கிலோமீட்டர், அந்தக் காலத்துல நாட்டுலயே நீளமான தேசிய நெடுஞ்சாலை. 2010-ல மத்திய அரசு எல்லா நம்பரையும் மொத்தமா மாத்திருச்சு. லாஜிக் ரொம்ப சிம்பிள். வடக்கு-தெற்கா போற ரோடுக்கு இரட்டைப்படை எண், கிழக்குல இருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு-மேற்கா போனா ஒற்றைப்படை, வடக்குல இருந்து தெற்கே வர வர கூடும். அதனாலதான் காஷ்மீர் பக்கம் 1, ராமேஸ்வரம் ரோடு 87. மூணு இலக்கம்னா கிளை ரோடு.

இதை வச்சே திண்டுக்கல் மேப்பைப் படிச்சிடலாம். ஸ்ரீநகர்-கன்னியாகுமரி 44. கோயம்புத்தூர்ல இருந்து பழனி, திண்டுக்கல், திருச்சி வழியா நாகப்பட்டினம் போறது 83. தேனி, குமுளி வழியா கேரளாவுக்குப் போறது 183, அதாவது 83-ஓட கிளை. பழைய 7 என்ன ஆச்சு? அந்த எண் இப்போ பஞ்சாப் ஃபாசில்கால இருந்து பத்ரிநாத்தைத் தாண்டி மாணா வரைக்கும் போற ரோட்டுக்கு. டெலிட் பண்ணின ஐடியை வேற யூசருக்குக் கொடுத்த கதைதான். எங்க ஆபீஸ்ல அப்படிச் செஞ்சா கோட் ரிவ்யூலயே உதைப்பாங்க!

நம்பரை விட முக்கியமான விஷயம், ரோடு யார் கையில இருக்குங்கறது. நான்குவழிச் சாலை வந்தப்போ நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே ஒதுங்கிப் போயிருது. ஊருக்குள்ள மிச்சமாகிற பழைய ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறைக்குப் போறதுதான் பொதுவான வழக்கம். மாநிலத் துறையிலயும் அடுக்கு இருக்கு: மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை. அதுக்கும் கீழே நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ரோடுங்க. கண்டுபிடிக்க மைல்கல் தலையைப் பாருங்க. மஞ்சள்னா தேசியம், பச்சைன்னா மாநிலம். பெயிண்ட் போயிருந்தா நான் பொறுப்பில்ல.

பேப்பர்ல ஒரு வார்த்தை மாறினா என்ன ஆகும்னு 2017-ல எல்லாரும் பார்த்தோம். தேசிய, மாநில நெடுஞ்சாலைல இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அப்புறம் 20,000 பேருக்குக் குறைவான ஊருக்கு 220 மீட்டர்னு தளர்த்துனாங்க. தமிழ்நாட்டுல 3,000-க்கும் மேல டாஸ்மாக் கடைங்க மூடப்பட்டுச்சு. உடனே பல மாநிலங்கள் என்ன யோசிச்சாங்க தெரியுமா? கடையை நகர்த்துறதுக்குப் பதிலா ரோட்டோட பேரை நகர்த்தலாம்! நகரத்துக்குள்ள போற மாநில நெடுஞ்சாலையை உள்ளூர் ரோடுன்னு அறிவிச்சிட்டா தீர்ப்பு அதுக்குப் பொருந்தாது. இங்கயும் அந்த முயற்சி நடந்துச்சு. அப்படி மாத்தின ரோட்டுல கடை திறக்க சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஏப்ரல்ல இடைக்காலத் தடை போட்டுச்சு. ஜூலைல சண்டிகர் வழக்குல உச்ச நீதிமன்றமே, நகர எல்லைக்குள்ள இருக்கிற கடைகளுக்கு அந்தத் தடை பொருந்தாதுன்னு விளக்கிருச்சு.

எனக்கு உறுத்துறது மதுக்கடை மட்டும் இல்ல. ரோட்டை உள்ளூர் ரோடா இறக்கினா, அதே லாரி, அதே பஸ்தான் ஓடும். ஆனா பள்ளத்தை மூடுற செலவு நகராட்சி தலைல வந்து விழும். வருமானம் வேற பக்கம், பில்லு இந்தப் பக்கம்.

அதனால தாடிக்கொம்பு ரோட்டுல குழி பார்த்தா, முதல்ல எந்த இடம்னு பாருங்க. நான்குவழிச் சாலைன்னா 1033-க்கு ஃபோன் பண்ணுங்க, அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். மாநிலத் துறை ரோடுன்னா 2023-ல வந்த 'நம்ம சாலை' ஆப்ல போட்டோ எடுத்துப் போடுங்க. தெருவிளக்கு எரியலைன்னா பேரூராட்சி ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. நகல்ல சீல் வாங்கிட்டு வாங்க.