எண்களின் சூதாட்டம் – 9: எல்லாச் சோதனையிலும் பாஸ், ஆனாலும் கதவு திறந்தே கிடந்தது

ஜார்ஜ் மார்சாக்லியா 1995-இல் குறுந்தகட்டில் வெளியிட்ட, தற்செயல் எண்களைச் சோதிக்கும் 'டைஹார்ட்' சோதனைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். ஐபிஎம்மின் 'ராண்டு' போன்ற மட்டமான நிரலைப் பிடிக்க அவை தாராளமாகப் போதும். ராண்டு தரும் எண்களை மூன்று மூன்றாக எடுத்துப் புள்ளி வைத்தால், அத்தனை புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் அடங்கிவிடும். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது எந்தச் சோதனையிலும் சிக்காத கள்ளனை.

முதலில், ஒரு சோதனை எப்படி நடக்கிறதென்று பார்ப்போம். அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் 140-2 தரம் 2001-இல் வந்தபோது அதில் இருந்த கணக்கு இது. 20,000 பிட்டுகளை எடுத்து, எத்தனை 1 இருக்கிறதென்று எண்ண வேண்டும். 9,725-க்கு மேல், 10,275-க்குள் இருந்தால் தேர்ச்சி. அடுத்து, நான்கு நான்கு பிட்டாக 5,000 துண்டுகள் போட்டு, 16 வகைத் துண்டும் ஏறக்குறைய சமமாக வருகிறதா என்று பார்ப்பார்கள். ஒரே பிட் தொடர்ந்து 26 முறை வந்துவிட்டால் தோல்வி.

நல்ல சோதனைதான். ஆனால் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ஷா-256 என்ற கலக்கும் நிரல் வழியாகச் செலுத்தி, வெளியே வருவதைக் கொடுத்துப் பாருங்கள், அதுவும் தேறிவிடும். ஷா-256 மிக்ஸி மாதிரி. உள்ளே ஒரு கைப்பிடி போட்டாலும் ஒரு படி போட்டாலும் விழுது நைஸாகத்தான் வரும். விழுதைத் தொட்டுப் பார்த்து, எவ்வளவு போட்டார்கள் என்று சொல்ல முடியாது.

டெபியன் லினக்ஸில் நடந்தது இதுதான். 'வால்கிரிண்ட்' என்ற பிழைகாணும் கருவி, மறையாக்கச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டு வரிகளைச் சுட்டி, மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிப்பதாக எச்சரித்தது. பராமரிப்பாளர், நீக்கலாமா என்று மின்னஞ்சல் குழுவில் கேட்டார், யாரும் தடுக்கவில்லை. 2006 செப்டம்பரில் வெளியான பதிப்பில் இரண்டையும் நீக்கியிருந்தார். ஒன்று போனதில் நஷ்டமில்லை. மற்றொன்றுதான், திரட்டிய தற்செயல் 'விதை' முழுவதையும் உள்ளே கலக்கும் வரி. அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வரி எதற்கென்று அதன் பக்கத்தில் எழுதிவைக்காதவர்களுக்கும் பங்குண்டு. பின்னாளில் 'நீக்காதீர்' என்று அங்கே எழுதிவைத்தார்கள்.

விதை போன பிறகு மிச்சமிருந்த ஒரே தற்செயல், நிரல் ஓடும்போது இயங்குதளம் அதற்குக் கொடுக்கும் வரிசை எண். அதன் உச்சம் 32,768. 2,048 பிட் சாவியானாலும், ஒரே வகைக் கணினியில் ஒரே வகைச் சாவிக்கு மொத்தம் அத்தனை வாய்ப்புகள்தான். எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கலாம். வேறெங்கோ ஒழுங்காக உருவாக்கிய டிஎஸ்ஏ என்ற கையொப்ப வகைச் சாவிகூட, இந்தக் கணினிகளில் ஒருமுறை கையொப்பமிடப் பயன்பட்டிருந்தால் கெட்டது. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவும் சேர்ந்தே மாட்டியது. லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13-இல் அறிவிப்பு வரும்வரை ஏறக்குறைய 20 மாதங்கள் உலகம் இதே சாவிகளைப் பூட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

டைஹார்ட் இதைப் பிடித்திருக்காது. பிடித்திருக்கக்கூடியது மிக எளிய காரியம். வெவ்வேறு கணினிகளில் புதிதாகத் தொடங்கிச் சாவிகளை உருவாக்கி, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். 32,768 வாய்ப்புகள்தான் என்றால், சுமார் 213 சாவிகளிலேயே இரண்டு ஒன்றாக அமைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. யாரும் ஒப்பிடவில்லை.

2018-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-90பி ஆவணம் இந்த வழிக்கு வந்தது. அது விழுதைத் தொடுவதில்லை. மிக்ஸிக்குள் போகுமுன் மூலத்திலிருந்து வரும் பச்சை இரைச்சலையே கேட்கிறது. மூலத்தை 1,000 முறை நிறுத்தித் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 1,000 மாதிரிகள் எடுத்துக் கட்டமாக அடுக்கச் சொல்கிறது. கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் பார்த்தால், தொடங்கும்போதெல்லாம் பழைய பாட்டையே பாடும் கருவி அகப்பட்டுவிடும்.

ஆகவே வாசகரே, உங்கள் அலுவலகத்துக்குப் பாதுகாப்புக் கருவி விற்க வருபவர் 'எல்லாச் சோதனையிலும் தேர்ச்சி' என்று சான்றிதழை நீட்டினால், விதை எங்கிருந்து வருகிறது, கருவியை அணைத்துப் போட்டு ஒப்பிட்டீர்களா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

(தொடரும்)