கயிறு மட்டும் மிஞ்சும் காலை: வன்னிக் கிராமங்களில் களவைத் தடுப்பது எப்படி?

காலபோக விதைப்புத் தொடங்கிவிட்டால் வன்னியில் மாடுகள் ஊருக்குள் நிற்க முடியாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒரு திகதி குறித்து, அதற்கு முன்னர் மாடுகளை வயல்வெளியில் இருந்து அப்புறப்படுத்தும்படி தீர்மானம் எடுக்கிறார்கள். அதன் பின் மாடுகள் காட்டோரப் பட்டிகளுக்குப் போகின்றன. மழையும் சேறும் வழியை மறிக்க, உரிமையாளர் நாள்தோறும் போய்ப் பார்க்க முடிவதில்லை. மாட்டுக் கள்ளருக்கு இதைவிட வசதியான காலம் வேறில்லை.

மழை நின்று சிறுபோகம் வந்தால் கள்ளரின் கண் கிணற்றடிக்குத் திரும்புகிறது. கச்சான், மிளகாய், வெங்காயம் செய்யும் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரமும் குழாயும் வயரும் இரவில் காணாமல் போகின்றன.

நகரத்தில் இருப்பவருக்கு இது சில்லறைக் களவாகத் தெரியலாம். போரில் கணவனை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு கறவை மாடுகள்தான் மாத வருமானம். பம்பை நுண்கடனில் வாங்கியிருந்தால், பம்ப் போன பிறகும் தவணை நிற்கும். ஒரு இரவில் நடக்கும் களவு ஒரு குடும்பத்தைப் பல வருடங்கள் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

இருந்தும் பலர் முறைப்பாடு செய்யப் போவதில்லை. பொலிஸ் நிலையத்தின் வாசலை மிதிக்கவே பயம் ஒரு காரணம். அங்கே தமிழில் பேச ஆள் இருக்குமா என்ற தயக்கம் இன்னொன்று. இவை இரண்டையும் தாண்டிப் போனாலும் "இது உங்கள் மாடுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி காத்திருக்கிறது. களவைத் தடுக்கும் வேலை இந்த மூன்றாவது இடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

குறியும் சீட்டும்

ஆதாரத்தின் அருமை வன்னிச் சனத்துக்குப் புதிதல்ல. 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தவர்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டுத்தான் போனார்கள். முகாம்களில் இருந்து மீளக்குடியமர வந்தபோது, காட்டில் நின்ற மாடு யாருடையது என்று சொல்ல மிஞ்சியிருந்தது உடம்பில் சுட்ட குறி மட்டுமே. குறி இல்லாத மாட்டை "இது என்ரை மாடு" என்று சொன்னவரிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளுக்குக் குறி இடுவது, கைமாறும்போது எழுதும் உரிமைச் சீட்டு, ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதற்கான அனுமதி ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறது. குறியைப் பதிவு செய்வது பற்றிக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். காதில் இலக்கத் தகடு இடுவதற்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாட வேண்டும். கன்றுக்குக் குறி சுடுவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். குறி இல்லாத கன்றில் கள்ளன் தன் குறியைச் சுட்டுவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது.

மாட்டின் இரு பக்கமும், முகமும், குறியும் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் உள்ள பிள்ளைக்கோ உறவினருக்கோ அனுப்பி வையுங்கள். கைபேசி தொலைந்தாலும் படம் இருக்கும்.

சீட்டு இல்லாமல் மலிவாக விற்கப்படும் மாட்டை வாங்காமல் விடுவதும் காவல்தான். களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது சட்டப்படி குற்றம். வாங்க ஆள் இருக்கும் வரை கள்ளனும் இருப்பான்.

பம்பும் நெல்லும்

நீரிறைக்கும் இயந்திரத்தின் தகட்டில் ஒரு தொடர் இலக்கம் உண்டு. அதை வாங்கிய பற்றுச்சீட்டுடன் சேர்த்து எழுதி வையுங்கள். தகட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்பதால், உடலில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் உங்கள் அடையாள அட்டையின் கடைசி இலக்கங்களைப் பொறித்துக்கொள்வது நல்லது. தூக்கக்கூடிய பம்பை மாலையில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். முடியாதவர்கள் சீமெந்துக் கட்டில் பூட்டி இரும்புக் கூடு போடலாம். பழைய இரும்பும் செம்பும் வாங்க வரும் வியாபாரிகளிடம், விற்றவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் குறித்து வைக்கும்படி கிராம அபிவிருத்திச் சங்கம் கேட்டுக்கொள்ளலாம்.

நெல்லின் சிக்கல் வேறு. நல்ல விலைக்கு விற்க நெல்லைக் காய வைக்க வேண்டும். காய வைக்கக் களம் இல்லாதவர்கள் வீதியோரத்தில் பரப்புகிறார்கள். இயந்திர அறுவடையில் ஊர் முழுவதன் நெல்லும் ஒரே கிழமையில் வெளியே கிடக்கிறது. அந்த நாட்களுக்கு மட்டுமாவது கமக்காரர் அமைப்பு காவல் முறை போட்டு, சாக்குகளில் மையால் அடையாளம் இட்டால் இழப்புக் குறையும்.

முறைப்பாட்டில் உங்கள் உரிமை

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அலுவலரால் முடியாவிட்டால், நீங்களே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அதுவும் இயலாவிட்டால் வேறு தேசிய மொழியில் எழுதி, உங்களுக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே தமிழில் எழுதிய கடிதத்துடன் போவதே பாதுகாப்பு. விளங்காத மொழியில் எழுதியதை வாசித்து விளக்காமல் கையொப்பம் இடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தனியே போகப் பயந்தால் சங்கத் தலைவரையோ மதகுருவையோ கூட்டிப் போகலாம். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமும், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும், மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் (தொலைபேசி 1996) முறையிடலாம்.

காவல் வேண்டும், அடி வேண்டாம்

ஊர்க் காவல் என்றதும் எங்கள் சனத்துக்குப் பழைய நினைவுகள் வரும். 2011 ஓகஸ்டில் 'கிறீஸ் பூதம்' பீதி பரவியபோது, நாவாந்துறையில் சந்தேக நபர்களைத் துரத்திப்போன ஊரவர்களே பின்னர் இரவில் தாக்கப்பட்டுக் கைதானார்கள். அதனால் காவல் முறை போடும்போது யார், எந்த இரவு, எந்தப் பாதை என்ற பட்டியலை எழுதி, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும் இன்னொன்றைப் பொலிஸ் நிலையத்திலும் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வையுங்கள்.

கண்முன் களவு செய்பவரைப் பொதுமகன் ஒருவர் பிடிக்கலாம் என்று அதே சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்தவுடன் தாமதிக்காமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டி அடிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அடித்தால் மாடு இழந்தவரே எதிரியாகக் கூண்டில் நிற்பார், கள்ளன் முறைப்பாட்டாளராவான். ஊரில் வறியவர் என்பதற்காகவோ, போதைப் பழக்கம் உள்ளவர் என்பதற்காகவோ ஒருவரைச் சந்தேகிப்பதும் களவைத் தடுக்காது.

வீதிக்கு வீதி சீருடை நிற்கும் பிரதேசத்தில் மாடு ஏற்றிய வாகனம் இரவில் எப்படிக் கடந்து போகிறது என்ற கேள்வியைச் சனம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாதுகாப்புத் தருவது அரசின் கடமை. ஆனால் முறைப்பாடு பதிவாகாத களவு அரசின் கணக்கில் நடக்காத களவு. ஒவ்வொரு மாட்டுக்கும் பம்புக்கும் இலக்கம் எழுதி, ஒவ்வொரு களவையும் பதிந்தால்தான் அந்தக் கேள்விக்கு எடை வரும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பியைத் திறந்து, வீட்டுக்கு வீடு மாட்டுக் குறியையும் பம்பு இலக்கத்தையும் எழுதத் தொடங்குங்கள். காலபோகத்துக்கு முன் அது முடிந்துவிட வேண்டும்.