தார்சில் விழும் மழை

சென்ற வாரம் திண்ணையில் உட்கார்ந்தோம். இந்த வாரம் மாடிக்கு ஏறுவோம்.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போய் மீனாட்சிபுரத்தைத் தாண்டினால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்து. கடை போர்டு மலையாளத்தில் இருக்கும், உள்ளே தமிழும் தாராளமாகக் கேட்கும். பக்கத்துக் கொங்கு நாட்டில் ஓடு இல்லாமல் தட்டைக் கூரை போட்ட வீட்டைத் 'தார்சு வீடு' என்பார்கள். டெரஸ் என்ற சொல்தான் ஊர் நாக்கில் புரண்டு தார்சு ஆகிவிட்டது. தெற்கே தட்டட்டி, மட்டப்பா என்பதும் சென்னையில் மொட்டை மாடி என்பதும் இந்தக் கூரையைத்தான்.

லத்தீனில் 'டெர்ரா' என்றால் மண். மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடத்துக்குப் பழைய பிரெஞ்சில் அதிலிருந்து ஒரு சொல் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு அப்படிப்பட்ட மேட்டில் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கும் அதே பெயர். ஈப்போவிலோ கிள்ளானிலோ உள்ள தமிழருக்கு டெரஸ் வீடு என்றால் இன்றைக்கும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுதான்.

நம் ஊரில் அந்தப் பெயர் கூரைக்கு ஏறியது. 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியியல் புத்தகங்களிலேயே இடம்பிடித்த கூரை அது. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கல்லைச் சாய்கோட்டில் குத்துக்கல்லாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். அடித்த கட்டை பதியாமல் எகிறினால்தான் தளம் இறுகியது என்று கணக்கு. கடைசியில் தட்டோடு பதித்து, ஒரு பக்கமாக வாட்டம் கொடுப்பார்கள். இத்தனை பாடும் மழை உள்ளே இறங்காமல் வெளியே ஓடுவதற்காக.

இடுக்கியின் வட்டவடையில் இதே பெயருக்கு வேலை நேர்மாறு. தமிழகத்திலிருந்து மலையேறிய குடும்பங்கள் வாழும் ஊர் அது. சரிவைப் படிப்படியாக, டெரஸ் முறையில் வெட்டி உருளைக்கிழங்கு, கேரட், வெள்ளைப்பூண்டு போடுகிறார்கள். காந்தளூர் - வட்டவடைப் பூண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒவ்வொரு படியும் மழைநீரின் வேகத்தைத் தடுத்து மண்ணுக்குள் இறக்குகிறது. வரப்பு ஓரிடத்தில் உடைந்தால் கீழ்ப்படியின் மண்ணும் சேர்ந்து போகும் என்பதால், மழைக்கு முன்பே வரப்பைச் செப்பனிட்டாக வேண்டும்.

பெருமாட்டிக்கு இந்த இரண்டாவது வேலைதான் அவசரமாக வேண்டும் என்பது என் எண்ணம். மழை குறைந்த சித்தூர் தாலுகாவில் இருக்கிறது பெருமாட்டி. பிளாச்சிமடை இந்தப் பஞ்சாயத்தில்தான். 2000இல் கோகோ கோலா ஆலை வந்தது. அது நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கிணறு கெட்டது என்று 2002இல் மயிலம்மா முதலான ஆதிவாசிப் பெண்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2003இல் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்று நாடே விவாதித்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரிலும், தார்சில் விழும் மழை குழாய் வழியே தெருவுக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

1,000 சதுர அடி தார்சில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். அதைக் கிணற்றுக்குத் திருப்ப பெரிய செலவு வேண்டாம். பக்கத்து மாவட்டமான திருச்சூரில் 'மழப்பொலிமா' என்ற பெயரில் 2008 முதல் மாவட்ட நிர்வாகமே முன்னின்று இதைச் செய்தது. தார்சுக் குழாயை ஒரு டிரம்மில் விட்டு, ஜல்லி, மணல், கரி அடுக்கி, வடிந்த நீரைக் கிணற்றில் இறக்கினால் போதும். பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். மாடித் தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும். அதற்கென்று குழாயில் ஒரு மூடி வைத்திருப்பார்கள்.

(தொடரும்)