கருவியின் மௌனம்

"மௌனம் சம்மதம்" என்று பெரியோர் சொல்வார்கள். மனிதரிடத்தில் அது பொருந்தலாம். கருவிகளின் மௌனத்தை நம்பினால் நட்டமே மிஞ்சும்.

எமது கரைத்தீவு அமைந்துள்ள புத்தளம் மாவட்டம் இறால் வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. பகலில் குளத்துப் பாசிகள் ஒட்சிசனை வெளியிடும். இரவில் ஒளித்தொகுப்பு நடைபெறாது. சுவாசம் மட்டும் தொடரும். ஆகவே விடியலுக்குச் சற்று முன்னர் நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்துவிடும். அவ்வேளை காற்றூட்டும் சக்கரம் நின்றால் இறால்கள் மடியும். ஒட்சிசனை அளந்து கைபேசிக்கு அறிவிக்க ஒரு நுண்கட்டுப்படுத்தி போதும். ஆனால் அதனிடமிருந்து செய்தி வராவிட்டால், குளம் நலமா? அல்லது கருவியே அணைந்துவிட்டதா? உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் நான் இக்கேள்விக்கு விடை தேடினேன்.

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் எம்.கியூ.ரி.ரி. என்னும் முறையில் பேசுகின்றன. 1999இல் அன்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணிக்க இதனை உருவாக்கினர். கருவி தன் செய்தியை ஒரு சேவையகத்திடம் கொடுக்கும். சேவையகம் அதை வேண்டியவர்களுக்கு அனுப்பும்.

மின்சாரம் திடீரென நின்றால் கருவியால் விடைபெற முடியாது. அது இன்னும் இருப்பதாகவே சேவையகம் எண்ணியிருக்கும். இதைத் தவிர்க்க, இணையும்போதே கருவி ஒரு கால அளவைச் சொல்லிவிடும். 30 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். அனுப்ப வேறு செய்தி இல்லாவிட்டாலும், அக்காலத்துக்குள் "இருக்கிறேன்" என்று 2 பைட் அளவான சிறு செய்தியை அனுப்ப வேண்டும். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவது போலத்தான். ஒன்றரை மடங்கு காலம், அதாவது 45 செக்கன், எதுவும் வராவிட்டால் சேவையகம் இணைப்பைத் துண்டிக்கும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கருவி இணையும்போதே ஒரு வஸிய்யத்தையும் ஒப்படைக்கலாம்: "நான் சொல்லாமல் போய்விட்டால் இச்செய்தியை எல்லோருக்கும் அறிவியுங்கள்." துண்டிக்கப்பட்டதும் சேவையகம் அதை நிறைவேற்றும். கைபேசியில் "கருவி இல்லை" என்று வரும். ஆனால் சேவையகமும் அதே பண்ணையில் இருந்தால் மின்வெட்டில் அதுவும் அணைந்துவிடும். ஆகவே அது வேறிடத்தில் இருப்பது அவசியம்.

செய்நிரல் எழுதும் தோழிகள் நான்கு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, செய்நிரலை நீண்ட நேரம் உறங்க வைக்காதீர்கள். உறங்கும் கருவி இடாப்புக்குப் பதில் சொல்லாது. இரண்டு, இணைப்பு அறுந்தால் முதலில் வைஃபையைச் சரிபார்த்து, பின்னர் சேவையகத்தை நாடுங்கள். ஓயாமல் தட்டாமல் 1, 2, 4, 8 செக்கன் என இடைவெளியைக் கூட்டுங்கள். மூன்று, ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பெயர் வையுங்கள். ஒரே பெயரில் இரண்டு வந்தால் சேவையகம் முன்னையதை வெளியேற்றும். அது திரும்பி வந்து மற்றதை வெளியேற்றும். இந்த இழுபறி முடியாது. நான்கு, மீண்டும் இணைந்ததும் "வந்துவிட்டேன்" என்று அறிவிக்கச் செய்யுங்கள்.

இறுதியில் மின்னிணைப்பைத் திடீரெனக் கழற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் கைபேசி எச்சரித்தால் மட்டுமே, அக்கருவியை இன்னொருவரின் வாழ்வாதாரத்துக்குக் காவலாக வைக்கலாம்.